துப்பாக்கி தானாக வெடிக்குமா?

"துப்பாக்கி வெடித்தது" என்று சொல்வதற்கும் "துப்பாக்கியால் சுட்டான்" என்று சொல்வதற்கும் இடையே ஒரு மனிதன் காணாமற் போகிறான். இலக்கண வகுப்பிலே இது சிறிய வேறுபாடு. பிரேத பரிசோதனை மேசையிலே அது அவ்வளவு சிறியதன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலே தொழிலாளர் சுடப்பட்ட போதெல்லாம் வெளிவந்த அறிக்கைகளின் மொழியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். "துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது", "பொலிஸார் சுட நேர்ந்தது", "குண்டு பட்டு ஒருவர் மரணமானார்." மழை பெய்வது போலவும் மண் சரிவது போலவும் சூடும் தானே நேர்ந்துவிடுகிறது. எவன் விசையை அழுத்தினான், எவன் அழுத்தச் சொன்னான் என்ற கேள்வி வாக்கியத்தின் உள்ளேயே புதைக்கப்பட்டு விடுகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். செயப்படுபொருளையே செய்தது போலக் கூறுவதும் உலக வழக்கில் உண்டு எனத் தொல்காப்பியர் குறித்துச் சென்றார். மெழுகியவளை விட்டுவிட்டுத் தரை மெழுகிற்று என்கிறோமே, அதுபோல. அவர் வழக்கைக் கண்டு விதித்தார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. பின்வந்த இலக்கணகாரர் மூன்றாம் வேற்றுமையின் பொருளைப் பிரிக்கும்போது கருவியையும் கருத்தாவையும் வேறாக்கி, கருத்தாவை மேலும் இரண்டாக்கினர். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால் அவன் ஏவுதற் கருத்தா. சிற்பியால் கட்டப்பட்டது என்றால் அவன் இயற்றுதற் கருத்தா. உளியோ வெறும் கருவி. கருவி, இயற்றியவன், ஏவியவன் ஆகிய இம்மூன்றையும் பிரித்தறியும் திறன் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் உண்டு. விசாரணை அறிக்கை எழுதுவோருக்கு மட்டும் அது மறந்துபோவது வியப்பன்றோ?

இந்தக் கேள்வி இப்போது உலகிலேயே மிக அதிகமாகச் செலவு செய்யும் இராணுவத்தின் வாசலிலே வந்து நிற்கிறது. அதை நாம் கவனிக்க வேண்டிய காரணம் உண்டு.

1985 முதல் அமெரிக்க இராணுவம் பயன்படுத்தி வந்த பெரெட்டா கைத்துப்பாக்கிக்குப் பதிலாக, 2017 ஜனவரியில் சிக் சாவர் என்னும் கம்பனியின் பி-320 துப்பாக்கி தெரிவு செய்யப்பட்டது. இராணுவம் அதற்கு எம்-17, எம்-18 என்று பெயரிட்டது. ஒப்பந்தத்தின் உச்ச மதிப்பு 58 கோடி டொலர். அவ்வாண்டிலேயே ஒரு குறை வெளிப்பட்டது. துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட சாய்வில் பின்புறமாகத் தரையில் விழுந்தால் யாரும் விசையைத் தொடாமலே சுட்டது. காரணம் எளிய பௌதிகம்தான். தரையில் மோதியதும் துப்பாக்கியின் உடல் நின்றுவிடுகிறது. விசையோ தன் கனத்தினால் சென்ற திசையிலேயே தொடர்ந்து செல்கிறது. விரல் செய்ய வேண்டிய வேலையை வீழ்ச்சி செய்துவிடுகிறது. விசையைக் கனம் குறைந்ததாக மாற்றியதும் இக்குறை நீங்கிற்று.

கவனிக்க வேண்டியது திருத்தம் வந்த வரிசை. இராணுவம் தன் சோதனையில் இதைக் கண்டு தனக்கு வரும் துப்பாக்கிகளில் மாற்றம் செய்வித்துக்கொண்டது. கடைகளில் வாங்கியவர் கையிலும் ஊர்ப் பொலிஸாரின் இடுப்பிலும் இருந்த அதே இனத் துப்பாக்கிகளுக்குக் கம்பனி திருத்தம் அறிவித்தது 2017 ஆகஸ்டில். அதுவும் விழுந்து வெடிக்கும் காட்சிகளை வெளியார் படம் பிடித்துக் காட்டிய பின்னர். பெரிய வாடிக்கையாளனுக்கு முன்னே தெரிந்த அபாயம் சிறிய வாடிக்கையாளனுக்குப் பின்னே தெரிந்தது. சந்தையின் தர்மம் அப்படி.

அதன் பின்னும் முறைப்பாடுகள் நிற்கவில்லை. உறையில் இருந்தபடியே வெடித்தது, நடந்து செல்லும்போது வெடித்துத் தொடையைத் துளைத்தது என்று பலர் வழக்குத் தொடுத்தனர். சில வழக்குகள் தள்ளுபடியாயின. 2024ல் ஜோர்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் ஜூரிகள் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பிலடெல்பியாவில் விதித்த தொகை 1 கோடியே 10 இலட்சம் டொலர். விசையை இழுக்காமல் இத்துப்பாக்கி எந்த நிலையிலும் சுடாது என்பதே கம்பனியின் உறுதியான பதில். கம்பனி இயங்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமோ 2025 மே மாதத்தில் ஒரு சட்டம் இயற்றிற்று. சில பாதுகாப்பு உறுப்புகள் இல்லை என்பதைக் காரணம் காட்டித் துப்பாக்கி செய்வோர் மீது வழக்குத் தொடுப்பதை அச்சட்டம் தடுக்கிறது. நீதிமன்றத்தில் வெல்வது ஐயமானால் சட்டசபையில் வென்றுவிடலாம். இதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. முதலாளித்துவத்தின் பழைய பாடம்.

பின்னர் நடந்ததுதான் சிந்தனைக்கு உரியது. 2025 ஜூலை 20ந் தேதி வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்திலே இளம் வீரர் ஒருவர் எம்-18 குண்டினால் இறந்தார். இடுப்பு வாரை மேசை மேல் போட்டபோது துப்பாக்கி தானே வெடித்தது என்று உடனிருந்தோர் கூறினர். முன்னமே எழுந்திருந்த ஐயங்களோடு இது பொருந்திற்று, நாடே நம்பிற்று. அணுவாயுதங்களுக்குப் பொறுப்பான விமானப்படைப் பிரிவு இத்துப்பாக்கியின் உபயோகத்தையே நிறுத்தி வைத்தது. ஆனால் விசாரணை வேறொன்றைக் கண்டது. ஒரு தோழன் விளையாட்டாக அவர் மார்பை நோக்கித் துப்பாக்கியைப் பிடித்தான், அது சுட்டது, தானே வெடித்ததாகச் சொல்லும்படி மற்றவரிடம் கேட்டுக்கொண்டான். பொய் கூறியதை இருவர் இராணுவ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். சோதனைகளின் பின் ஆகஸ்டிலே துப்பாக்கிகள் மீண்டும் சேவைக்கு வந்தன.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, துப்பாக்கியில் குறையில்லை, குறையெல்லாம் மனிதரில் என்று சொல்வோர் உண்டு. அது அவசர முடிவு. 2017ல் கண்ட குறை மெய். அதை இராணுவமே கண்டது. 2025ல் சொன்ன கதை பொய். அதையும் இராணுவமே கண்டது. முன்னைய மெய் இல்லாவிடின் பின்னைய பொய் பிறந்திராது. ஒரு கருவி நம்பத்தகாதது என்ற பேச்சு ஊரில் உலவத் தொடங்கிவிட்டால், அக்கருவியைப் பிடித்தவன் செய்யும் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஆயத்தமான ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. குறையுள்ள ஆயுதம் குண்டினால் ஒரு தரமும், பழியைத் தான் ஏற்றுக்கொள்வதினால் மறு தரமும் தீங்கு செய்கிறது.

எதிர்த்திசையிலும் இதே சூது நடக்கிறது. அங்கே கருவியின் பழி மனிதன் மேல் ஏற்றப்படும். வியட்நாம் யுத்தத்திலே எம்-16 துப்பாக்கி புதிதாகக் கொடுக்கப்பட்டபோது அது சண்டையின் நடுவே சிக்கிக்கொண்டது. துப்பாக்கியைத் திறந்துவைத்துச் சரிசெய்ய முயன்ற நிலையிலேயே இறந்து கிடந்த சிப்பாய்களைக் கண்டார்கள். மேலிடம் என்ன சொல்லிற்று? சிப்பாய்கள் துப்பாக்கியைத் துடைப்பதில்லை என்றது. 1967ல் அமெரிக்கக் காங்கிரஸின் உபகுழு ஆராய்ந்தபோது வெளிவந்த செய்தி வேறு. தோட்டாவின் மருந்தை அதிகாரிகள் மாற்றியிருந்தனர். குண்டறைக்கு வேண்டிய குரோமியப் பூச்சு இடப்படவில்லை. துடைக்கும் சாமான்கள்கூடப் போதிய அளவில் அனுப்பப்படவில்லை. துடைக்கத் துணி கொடாதவன் துடைக்கவில்லை என்று குற்றஞ்சாட்டினான்.

இந்தியாவின் இன்சாஸ் துப்பாக்கியின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1999ல் கார்கில் மலையின் குளிரிலே அதன் தோட்டாக் கூடுகள் வெடிப்புக் கண்டன, இடையில் சிக்கின என்று முறைப்பாடுகள் எழுந்தன. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்திலே மாவோயிஸ்டுகள் தாக்கி 43 சிப்பாய்கள் இறந்தபோது, இந்தியா தந்த இன்சாஸ் சரியாக வேலை செய்யவில்லை என்று நேபாள இராணுவம் குறை கூறிற்று. பயன்படுத்திய விதந்தான் பிழை என்று இந்தியத் தரப்பு மறுத்தது. இறந்தவர்கள் ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகள். எதிரே நின்று சுட்டவர்களும் அவர்களே. இரு தலைநகரங்களும் ஒன்றன் மேல் ஒன்று பழி சொல்லிக்கொண்டிருந்தன.

தோட்டத்து வாசகருக்கு இதில் புதுமை ஏதும் இராது. கொழுந்து மடுவத்திலே தராசு தொங்குகிறது. காலை முதல் மலையேறி இறங்கிப் பறித்தவள் கூடையையோ சாக்கையோ கொண்டுவந்து வைக்கிறாள். அவள் கை ஓர் எடை சொல்கிறது. தராசின் முள் வேறோர் எடை சொல்கிறது. கணக்கப்பிள்ளையின் பேனா, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழித்து மூன்றாவதாக ஓர் எடை சொல்கிறது. சம்பளம் மூன்றாவது எடைக்குத்தான். தராசு பழுது என்று அவள் சொன்னால், இலை நனைந்திருக்கிறது, முற்றல் கலந்திருக்கிறது, நீ நேரத்துக்கு வரவில்லை என்று பதில் வரும். மேலே இருப்பவனுடைய கருவி பிழைப்பதில்லை. கீழே இருப்பவளுடைய கைதான் எப்போதும் பிழைக்கிறது. அதே கருவியால் மேலே இருப்பவனுக்கு ஓர் ஆபத்து வந்துவிட்டாலோ, அன்று மட்டும் கருவி பிழை செய்யும், கை சுத்தமாகிவிடும். பழி எத்திசையில் ஓடினாலும் அது ஓடுவது பள்ளத்தை நோக்கியே என்பதில் வியட்நாமுக்கும் தலவாக்கலைக்கும் பேதமில்லை.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடக்கூடும். "அடக்குமுறை இராணுவத்தின் துப்பாக்கி சரியாகச் சுட்டால் நமக்கென்ன, சுடாவிட்டால் நமக்கென்ன? சுடாதிருப்பதே நல்லதல்லவா?" கேள்வியில் நியாயமில்லாமலில்லை. துப்பாக்கி பிழைப்பது இருவகை. சுடவேண்டிய வேளையில் சுடாமலிருப்பது ஒன்று. சுடவேண்டாத வேளையில் சுடுவது மற்றொன்று. இவற்றில் எது பெரும் பிழை என்பது நாம் அதன் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1942 மே மாதத்தில் கொக்கோஸ் தீவிலே இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரிட்டிஷ் அதிகாரத்துக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சியின் தலைவன் கிரேஷன் பெர்னாண்டோவின் பிரென் துப்பாக்கி தருணத்தில் சிக்கிக்கொண்டது என்று அதன் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கிளர்ச்சி தோற்றது. ஆகஸ்டில் அவனும் இருவரும் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். அந்தத் துப்பாக்கி சிக்கியதை நற்பேறு என்பதா, தீப்பேறு என்பதா? அதிகாரி ஒரு விடை தருவான், கைதி மறு விடை தருவான்.

ஆயினும் தோழரின் முடிவை நான் ஏற்பதற்கில்லை. சுடாத துப்பாக்கி நம்மைக் காக்கும் என்று நம்புவது, பழுதான பாலம் சுமைவண்டியைத் தடுக்கும் என்று நம்புவது போன்றது. சுமைவண்டிக்கு முன்னே பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் நடப்பார்கள். சீருடை அணிந்தவனும் பெரும்பாலும் வறுமை துரத்திவந்த கிராமத்துப் பிள்ளைதான். அவன் தொடையில் பாயும் குண்டைக் கொண்டு எந்த நியாயமும் நிலைபெறாது. இதைவிட முக்கியமான காரணம் வேறு. ஆயுதத்தின் நம்பகம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதைச் சோதிப்போர் பட்டியலிலே ஏந்துபவன் இருக்கிறான், வாங்குபவன் இருக்கிறான், விற்பவன் இருக்கிறான். அதன் வாய் யாரை நோக்கித் திறந்திருக்கிறதோ அவன் மட்டும் இல்லை. எத்தனை குண்டுக்கு ஒருமுறை சிக்குகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்குகிறது என்றெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். சரியாக வேலை செய்த துப்பாக்கி தவறான மனிதனைக் கொன்றால் அது எந்தப் பத்தியிலும் பதிவாவதில்லை. பொறியியலாளரின் கண்ணில் அது வெற்றி.

மலைநாட்டிலே துப்பாக்கிகள் நன்றாகவே வேலை செய்தன. தோட்டத்துரைமாருக்கென்றே 1900ம் ஆண்டு முதல் 1949 வரை ஒரு படைப்பிரிவு இருந்தது. தொழிலாளருக்கு லயமும் பெரட்டுக்களமும் இருந்தன. 1940 ஜனவரி 10ந் தேதி ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திலே, சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தவர்களில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியானார். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறோம். அந்தக் குண்டு கொழும்பில் மந்திரி சபையின் ராஜினாமா வரை சென்றது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் மந்திரிமார் விலகியது கோவிந்தனுக்காக அன்று. வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைப்பது பற்றி மந்திரி சொன்னதைப் பொலிஸ் தலைவர் கேட்கவில்லை; தேசாதிபதி பொலிஸ் தலைவர் பக்கம் நின்றார்; மந்திரிமாரின் மானம் புண்பட்டது. அதிகாரத்தின் எல்லை எது என்ற தகராறு சில வாரங்களில் சமாதானமாயிற்று. எட்டே ஆண்டுகளில், 1948ல், கோவிந்தனின் மக்கள் குடியுரிமையே இல்லாதவராக்கப்பட்டனர். வாக்கில்லாதவன் மீது பாய்ந்த குண்டைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேட்கவும் ஆளில்லாமற் போயிற்று.

1977 மே 11ந் தேதி டெவன் தோட்டத்திலே சிவனு லட்சுமணன் விழுந்தார். நுவரெலியா மாவட்டத்திலே ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்ட வேளை அது. திட்டம் கைவிடப்பட்டது, லட்சுமணன் திரும்பவில்லை. அன்று பொலிஸாரின் துப்பாக்கி பழுதென்று எவரும் முறையிடவில்லை. முறையிட இடமும் இல்லை. குறிவைத்த இடத்தில் குண்டு சென்றது. பழுது இருந்தது அதற்கு மேலே, நிலப் பிரச்சினைக்கு விடை துப்பாக்கி என்று எண்ணிய இடத்திலே.

சுடாமலிருந்த துப்பாக்கியையும் மலைநாடு கண்டிருக்கிறது. 2000 அக்டோபர் 25ந் தேதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைக் கும்பல் சூழ்ந்தது. காவலுக்கு நின்றவர் சுமார் 60 ஆயுதம் தாங்கிய பொலிஸார். அரசின் பாதுகாப்பில் இருந்த தமிழ்க் கைதிகள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டனர், கும்பல் தடுக்கப்படவில்லை. ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் இருவர் பொலிஸார். 2005ல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அறுபது துப்பாக்கியும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொண்டதாக எந்தப் பொறியியலாளரும் சொல்லமாட்டார். முல்லோயாவிலே சுடவேண்டாத வேளையில் சுட்டது. பிந்துனுவெவவிலே காக்கவேண்டிய வேளையில் காவாதிருந்தது. நாம் மேலே பிரித்த இருவகைப் பிழையும் இங்கே உண்டு; இரும்பிலே மட்டும் இல்லை.

ஆகவே ஒரு துப்பாக்கி புதிதாகச் சேவைக்கு எடுக்கப்படும்போது நாம் கேட்க வேண்டியது அதன் விசையின் கனத்தைப் பற்றி மட்டுமன்று. அக்கேள்வியும் வேண்டும், வாங்குகின்றவரும் விற்கின்றவரும் அல்லாத மூன்றாம் ஆள் அதைச் சோதிக்கவும் வேண்டும், சோதனையின் முடிவு இரகசியமென்று பூட்டப்படாமல் இருக்கவும் வேண்டும். கருவியின் குறை முழுவதும் வெளியே வந்துவிட்டால், மீதிப் பழி யாருடையது என்பது தானே தெரியவரும். பொய்ச் சாட்சிக்கு மறைவிடம் இராது. வயோமிங்கிலே உண்மை வெளிவந்தது விசாரணை நடந்ததாலேதான். இறந்தவன் அங்கே அவர்களில் ஒருவன் என்பதால் அவ்வளவு அக்கறை பிறந்தது என்று நான் சந்தேகிக்கிறேன். லயத்து மனிதனுக்கு அந்த அக்கறை கிடைத்ததில்லை.

ஏவுதற் கருத்தாவைத் தொடுவது அதைவிட அரிது. 2022 ஏப்ரல் 19ந் தேதி ரம்புக்கனையிலே எரிபொருள் கேட்டுத் திரண்டவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். அதன்பின் மூன்று கான்ஸ்டபிள்மாரோடு அவர்களுக்கு மேலிருந்த சிரேஷ்ட அத்தியட்சகரும் கைது செய்யப்பட்டார். செய்தியைப் படித்தவர் பலர் இதையே அதிசயமாகப் பேசினர். அதிசயமாகப் பேச நேர்ந்ததே நம் நிலையைச் சொல்கிறது.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஆசிரியராக இருக்கும் நண்பர்கள் இதைத் தம் வகுப்பிலே செய்து பார்க்கலாம். மூன்றாம் வேற்றுமையைப் படிப்பிக்கும்போது கல்லணையோடு நிறுத்தாமல் முல்லோயாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோவிந்தனின் மனைவியின் சார்பில் விசாரணை ஆணைக்குழுவின் முன்னே நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவரையே அரசு சிறையில் அடைத்தது. கோவிந்தன் இறந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதில் கருவி எது, இயற்றியவன் யார், ஏவியவன் யார் என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் உடனே விடை சொல்வார்கள். மூன்றாவதற்கு எத்தனை விடைகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.